தீவுக்கு ஒரு நிமிட அமைதி

பெற்றோர் அவருக்கு ஆசையாக வைத்த பெயரை மின்கட்டண ரசீது மட்டும்தான் பயன்படுத்திவந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் 'சத்தம்'. வயதில் சிறியவர்களுக்குச் சத்தண்ணன்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு ஸ்டுடியோவில், கதைப் புத்தகங்களைக் குரலில் பதிந்து விற்றுவந்தார்கள். கதையை வாசிக்க ஓர் அம்மாள் இருந்தார். கதையில் வரும் மற்ற அனைத்துக்கும், அதாவது கடல், மழை, குதிரை, கதவு, பேய், பேயைப் பார்த்தவர் மயங்கி விழுகிற 'தொப்' ஆகிய எல்லாவற்றுக்கும், சத்தம்தான் பொறுப்பு. தகரத் தட்டில் காய்ந்த பட்டாணியை உருட்டினால் கடல். பிஸ்கட் காகிதத்தை மைக் அருகே கசக்கினால் காட்டுத்தீ. இரண்டு சீப்புகளை உரசினால் நண்டு. உலகத்தையே ஒரு மேசைமேல் வைத்து நடத்துகிற உத்தியோகம். கடவுளுக்கு அடுத்த பதவி என்று சொல்லலாம். ஆனால் அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அதன் அடியில் மடித்த அட்டை வைக்கப்பட்டிருந்தது.

இத்தனை பெரிய பொறுப்பில் இருந்தவருக்குச் சும்மா இருக்க மட்டும் வராது. உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். நின்றால் விரல்கள் தொடையில் தாளம் போடும். யோசித்தால் பல்லிடுக்கில் விசில் கிளம்பும். பெண் பார்க்கப் போன அன்று அவர் கரண்டியால் டீ தம்ளரைத் தட்டித் தட்டி ஐந்து விதமான மணியோசை எழுப்பிக் காட்ட, "இந்த வீட்ல கோயில் மணி வாங்குற செலவு மிச்சம்" என்று உள்ளேயிருந்து பெண் சொன்னது வெளியே கேட்டுவிட்டது. சத்தம் உடனே சம்மதம் சொல்லிவிட்டார். அப்படி வாய்த்த மனைவி, தையல் மெஷினோடும் வாயோடும் வந்து சேர்ந்தார். இரண்டுக்கும் ஓய்வு கிடையாது.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஒரு நாள் அமைதி கேட்டார்கள்.

கேட்டவர் ஒரு பல் டாக்டரம்மா. காலமெல்லாம் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு பேச முடியாமல் இருப்பவர்களோடு பழகியதால், அவருக்குச் சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துபோயிருந்தது. கிளினிக்கை மூடியதும் சிறுவர் நாவல் ஒன்று எழுதினார். படகு கவிழ்ந்து ஒரு தீவில் தனியாக ஒதுங்கும் சிறுமியின் கதை. அவள் சிப்பியில் மழைநீர் பிடிக்கிறாள். ஓலையால் கூரை வேய்கிறாள். ஒரு நண்டுக்குத் தன் அத்தையின் பெயரை வைத்துத் தினமும் அதோடு சண்டை போடுகிறாள். பற்களை மட்டும் ஒரு நாளும் தவறாமல் குச்சியால் துலக்குகிறாள்.

கதை நன்றாகவே இருந்தது. சத்தம் தீவை உற்சாகமாகக் கட்டினார். பட்டாணி உருண்டது, சீப்பு உரசியது, அலை வந்தது, அத்தை நண்டு ஓடியது. எல்லாம் ஏழாம் அத்தியாயம் வரைக்கும்தான்.

ஏழாம் அத்தியாயத்தில் குடிசை முடிந்துவிடுகிறது. தீ மூட்டியாகிவிட்டது. வயிறு நிறைந்திருக்கிறது. காற்றும் அலையும் ஓய்ந்த ஒரு மதியத்தில், செய்ய ஒரு வேலையும் இல்லாமல், சிறுமி முதல் முறையாகச் சும்மா உட்காருகிறாள். 'இனி யாரும் தன்னைக் கூப்பிடப் போவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் அமைதியைக் கேட்டாள்.' அதற்குக் கீழே டாக்டரம்மா தன் கைப்பட எழுதியிருந்தார்: இங்கே ஒரு முழு நிமிடம் அமைதி வேண்டும்.

"அதுக்கென்ன, ஒண்ணும் போடாம விட்ருவோம்" என்றார் ஸ்டுடியோ முதலாளி. விட்டுப் பார்த்தார்கள். முதலாளி அதைத் தன் வீட்டில் போட்டுக் காட்டினார். ஏழாம் அத்தியாயம் வந்ததும் அவர் மனைவி போனை உள்ளங்கையில் தட்டினார், உதறினார், கடைசியில் சார்ஜில் போட்டுவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டார். தொழில் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒன்றுமே இல்லாவிட்டால் அது அமைதி இல்லை, ரிப்பேர். அமைதியையும் ஓர் இடத்துக்குப் போய், மைக் வைத்து, பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும்.

பஞ்சு மெத்தை அடித்த ஒலிப்பதிவு அறைக்குள்ளேயே பிடித்துக் கொடுத்தார் சத்தம். டாக்டரம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல கதவு சாத்தியிருக்குங்க. தீவுல ஏது கதவு?"

முதலாளியின் மச்சினன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அவன் எப்போதும் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பான். கம்ப்யூட்டரில் உலகத்துச் சத்தம் அத்தனையும் சேர்த்து வைத்திருப்பவன். "என்கிட்ட பாலைவன அமைதி இருக்கு, நூலக அமைதி இருக்கு, பனிமலை அமைதி இருக்கு. எது வேணும், சொல்லுங்க மாமா" என்று சட்டைப்பையிலிருந்தே எடுத்துக் கொடுப்பவன்போலக் கேட்டான்.

டாக்டரம்மாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. முதலாளி சத்தத்தைத் தனியாக அழைத்துப் போனார். நல்ல மனிதர், கெட்ட செய்தியைத் தோளில் கை போட்டுத்தான் சொல்வார்.

"அண்ணே, சனிக்கிழமை வரைக்கும் பாருங்க. கிடைக்கலன்னா பனிமலையைப் போட்டு முடிச்சிருவோம். அப்புறம்... தம்பிக்கும் உட்கார ஒரு ரூம் வேணும். உங்க ரூம்ல பட்டாணியும் தட்டுமா அடைஞ்சு கிடக்குது. தம்பிக்கு ஒரு கம்ப்யூட்டர் வைக்க இடம் இருந்தா போதும்."

புரிந்தது. அமைதி கிடைக்காவிட்டால் கடல், தீ, நண்டு எல்லாம் ஒரு சாக்குப் பைக்குள் போய்விடும். அவரும் கூடவே போக வேண்டியதுதான். இந்த வயதில், பட்டாணி உருட்டத் தெரியும் என்று சொல்லி இன்னொரு வேலை தேட முடியாது.

அன்றிலிருந்து மனிதர் மைக்கும் கையுமாக அலைந்தார். முதலில் பூங்கா. மதிய நேரம், ஆள் குறைவு. ஒரு மரத்தடியில் மைக்கை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, முழங்காலை முழங்காலால் அழுத்தி நிறுத்திக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவர் எழுந்து நின்று தலை குனிந்தார். அவரைப் பார்த்து நடைப்பயிற்சிக்காரர் ஒருவர் நின்றார். ஐஸ்கிரீம் வண்டிக்காரர் தொப்பியைக் கழற்றினார். அமைதி கூடிவந்த சமயத்தில் பெரியவர் சத்தத்தின் காதருகே வந்து தழுதழுத்த குரலில் கேட்டார்:

"யாருங்க தவறிட்டாங்க?"

அடுத்து இடுகாடு. அதைவிட அமைதியான இடம் ஊரில் இருக்க முடியாது என்று யோசித்துப் போனது நல்ல யோசனைதான். அங்கே ஒரு காவலாளி இருப்பார் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"வாங்க சார், வாங்க, உட்காருங்க" என்று அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "இங்க வேலைக்கு வந்ததுலேர்ந்து பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் கிடையாது சார். வர்றவங்க அழுவாங்க, போயிடுவாங்க. இருக்கிறவங்களைப் பத்திச் சொல்லவே வேணாம்."

சத்தம் அங்கே மாலை வரை இருந்தார். காவலாளியின் மாமனார் செய்த துரோகங்கள் முழுவதும் பதிவாகின.

வெளியே எங்கும் தேறாததால், வேறு வழியின்றி வீட்டை நம்பினார். இரண்டே அறை. முன்னறையில் மனைவியின் தையல் மெஷின், ஜன்னலோரம் சத்தத்தின் அப்பாவுடைய ரேடியோ, தரையில் பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படிக்கும் மகள், தலைக்கு மேலே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டிக்' போடும் மின்விசிறி. அதன் அச்சு எந்தக் காலத்திலோ வளைந்துவிட்டது. சரிபார்க்கிறேன் என்று அவர் சொல்லிவருவதும் அந்தக் காலத்திலிருந்துதான்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாம இருங்க. என் வேலை விஷயம்" என்றார்.

குடும்பம் ஒத்துழைத்தது. மெஷின் நின்றது. ரேடியோ நின்றது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் பேசாமல் இருப்பதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு முட்டியது. சிரிப்பை அடக்கியதில் விக்கல் வந்தது. "தண்ணி குடுங்கடா புள்ளைக்கு" என்றார் அப்பா. குக்கர் விசிலடித்தது.

"மறுபடியும்" என்றார் சத்தம்.

மறுபடியும் செய்தார்கள். இந்த முறை யாரும் எதுவும் செய்யவில்லை. ஆனால் ஒரு சத்தம், சீராக, விடாமல்.

"உங்க கால்தான்" என்றார் மனைவி. "தரையைத் தட்டுது பாருங்க. அந்தப் பொண்ணு தீவுல குதிரை ஏதும் வளர்க்குதா?"

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தந்திரம் செய்து பார்த்தார். கோபம் வந்தால் மனைவி பேச மாட்டார் என்பது அனுபவத்தில் கண்ட உண்மை. எனவே சாப்பிடும்போது, "இதுல உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல" என்று ஓர் அநியாயமான குற்றச்சாட்டை வைத்துவிட்டு, மேசைக்கடியில் மைக்கைத் தயாராக வைத்தார். மனைவி பேசவில்லைதான். அவருக்குப் பதிலாகப் பாத்திரங்கள் பேசின. தட்டு பேசியது, மூடி பேசியது, கரண்டி எதிர்த்துப் பேசியது. அந்த ஒலிப்பதிவு வேறு ஏதாவது கதையில் போர்க்களத்துக்கு ஆகும் என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

உப்புக் கோபத்துக்கு ஆயுள் கம்மி. மதியத்துக்குள் மனைவி சமாதானமாகி, பிறகு அக்கறையும் பட ஆரம்பித்துவிட்டார். அங்கேதான் வினை.

சத்தம் மைக்கைக் கையில் பிடித்தபடி முன்னறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நாளைக்குச் சனிக்கிழமை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி ஒரு பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்தபடியே யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

"தண்ணித் தொட்டிக்குள்ள இறங்கி எடுத்தா என்ன? காலியாத்தானே இருக்கு. இல்ல, எங்க சித்தப்பா வீட்டுக்குப் போங்க. அவருக்குக் காது கேக்காது, அங்க யாரும் பேசுறதில்ல. இல்லன்னா அந்த டாக்டரம்மாகிட்ட நான் பேசட்டுமா? நான் பேசுனா கேப்பாங்க. ஏங்க, உங்களைத்தான். நான் பேசட்டுமா?"

"இந்த வீட்ல நீ பேசாத ஒரு நிமிஷம் கிடைச்சா போதும்" என்றார் அவர். "நான் பொழைச்சுக்குவேன். உன்னைக் கட்டுன நாள்லேர்ந்து எனக்கு அது கிடைக்கல."

சொல்லி முடித்த பிறகுதான் அது உப்பைப் பற்றிச் சொன்னது மாதிரி இல்லை என்று அவருக்கே தெரிந்தது.

மெஷினின் சக்கரம் மெதுவாகி நின்றது. மனைவி பாதத்தை மிதியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். காலர் பாதியில் தொங்கியது. மகள் புத்தகத்தை மூடினாள், மூடியது கேட்கவில்லை. அப்பா மகனை ஒரு முறை பார்த்துவிட்டு ரேடியோவின் குமிழைத் திருப்பினார். அடுப்பில் எதுவும் இல்லை. தெருவுக்குக்கூட என்னவோ தெரிந்துவிட்டதுபோல ஒரு வண்டியும் வரவில்லை. மனைவி அழவில்லை, முறைக்கவில்லை. தன் கைகளை மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு பேர் ஓர் அறையில் இருந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடப்போவதில்லை.

சத்தத்தின் முழங்கால் ஆடவில்லை. அவர் வாழ்வில் அதுதான் முதல் முறை. ஆனால் இத்தனை ஆண்டுத் தொழில் பழக்கம் இருக்கிறதே, அதற்கு மானம் மரியாதை கிடையாது. அவர் மனம் 'ஐயோ' என்று சொல்லிக்கொண்டிருக்க, அவருடைய வலது கட்டைவிரல் தன் பாட்டுக்குப் போய்ப் பதிவுப் பொத்தானை அமுக்கியது.

சனிக்கிழமை ஸ்டுடியோவில் வாசிப்பு அம்மாளின் குரல் ஓடியது: 'அவள் அமைதியைக் கேட்டாள்.' பிறகு அந்த ஒரு நிமிடம்.

முதலாளியின் கண்கள் கலங்கி, அவர் போனை எடுத்துத் தன் வீட்டுக்கு அழைத்து, "ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன். சாப்பிட்டியா?" என்று கேட்டார். மச்சினன் பனிமலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். டாக்டரம்மா சொன்னார்:

"இதைத்தாங்க நான் கேட்டேன். எந்தத் தீவுல பிடிச்சீங்க?"

"பக்கத்துலதான்" என்றார் சத்தம்.

"அந்த 'டிக்... டிக்'னு ஒண்ணு கேக்குதே, அது?"

"பூச்சி."

அவருடைய அறை அவருக்கே என்று முதலாளி அங்கேயே அறிவித்தார். மேசைக்கு நான்காவது காலும் சரிசெய்து தரப்படும் என்றார். ஊர்வலம் போக வேண்டிய வெற்றி. சத்தம் வீட்டுக்குப் போகாமல் இரண்டு தெருவைச் சுற்றி நடந்தார்.

காரணம், தீவை அவர் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனாரே தவிர, அது வீட்டிலும் அப்படியே இருந்தது. மனைவி பேசவில்லை. மகள் மூலம் சொல்லியனுப்புகிற வழக்கமான பேசாமை என்றால் அதில் ஒரு கலகலப்பு இருக்கும். இது அப்படியில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. உப்பு சரியாக இருந்தது. பாத்திரங்களும் வாயைத் திறக்கவில்லை. பள்ளிச் சீருடைகள் அத்தனையையும் மெஷினைத் தொடாமல் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தார். ஊசி துணிக்குள் போய் வருவது மட்டும் கேட்டது. அப்பா ரேடியோவுக்கு இயர்போன் மாட்டிக்கொண்டார். மகள் கண்ணால் படித்தாள்.

சத்தத்தால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் பார்த்தார். தும்மிப் பார்த்தார். கரண்டியைத் தவறவிட்டுப் பார்த்தார். மனைவி எடுத்துக் கழுவி வைத்தார். தம்ளரைத் தட்டி ஐந்து மணியோசையும் எழுப்பினார். கோயில் மணியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பா இயர்போனைக் கழற்றிவிட்டு, "டேய், நீயும் எங்கயாவது படகு ஏறிப் போயேன்டா" என்றார். ஆறுதலாகச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அத்தியாயங்கள் கோத்து முடிந்த அன்று, வெளியிடுவதற்கு முன் அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவிக்குத் தெரியாமல் ஊரெல்லாம் அதைக் கேட்பது என்ற நினைப்பே அவரைத் தூங்கவிடவில்லை. ஏழாம் அத்தியாயத்தை வைத்து, ஹெட்போனை மனைவியின் முன்னால் நீட்டினார்.

"கேளு" என்றார்.

மனைவி ஊசியைத் துணியில் குத்திவிட்டு மாட்டிக்கொண்டார். சிறுமி கூரை வேய்ந்தாள், தீ மூட்டினாள். சத்தம் முழங்காலைக் கையால் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் தொடங்கியது அந்த முகத்தில் தெரிந்தது. மனைவியின் பார்வை மெல்ல மேலே போய் மின்விசிறியில் நின்றது. உதடுகள் எண்ணுவதுபோல அசைந்தன. டிக். டிக். டிக். ஹெட்போனைக் கழற்றினார்.

"இது நம்ம ஃபேன்."

அத்தனை நாளுக்குப் பிறகு வந்த முதல் வாக்கியம். சத்தத்துக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் இரண்டாவது வாக்கியம் பின்னாலேயே வந்தது.

"அந்த நேரத்துலயும் பட்டனை அமுக்கியிருக்கீங்க."

"விரல்தான்..."

"விரலுமாச்சு, விளக்கெண்ணெயுமாச்சு! மனுஷி நெஞ்சு ஒடிஞ்சு உட்கார்ந்திருக்கேன், உங்களுக்கு நான் நண்டு, பட்டாணி மாதிரி ஒரு சாமான்!" அணை உடைந்துவிட்டது. உப்பிலிருந்து தொடங்கி, பெண் பார்த்த தினம் வழியாக, வளைந்த அச்சைச் சரிபார்க்காத காலம்வரை போய்த் திரும்பி வந்தது. அப்பா ரேடியோவின் இயர்போனைக் கழற்றி ஒலியைக் கூட்டினார். மகள் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். சத்தம் எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். ஒரு சொல்கூட விடாமல்.

"தப்புதான்" என்றார் கடைசியில். "நான் அப்படிச் சொன்னதும் தப்பு, அமுக்குனதும் தப்பு. வேண்டாம்னு சொல்லு, எடுத்துடுறேன். பனிமலையைப் போட்டுக்கட்டும். ரூம் போனாப் போகுது."

மனைவி மூக்கைச் சிந்திவிட்டு யோசித்தார்.

"எடுக்க வேண்டாம்" என்றார். "நல்லாத்தான் இருக்கு. எனக்கே அந்தப் பொண்ணைப் பார்த்துப் பாவமாப் போச்சு. ஆனா கதை எழுதுனவங்க பேரு, வாசிச்சவங்க பேரு, சத்தம் போட்ட உங்க பேரு எல்லாம் கடைசில சொல்றீங்கள்ல?"

"ஆமா."

"அமைதி யாருது? நீங்க பட்டனை அமுக்குனீங்க, அவ்வளவுதான். பேசாம இருந்தது யாரு?"

மறுநாள் சத்தம் ஸ்டுடியோவுக்குப் போய் எல்லோர் முன்னிலையிலும் உண்மையைச் சொன்னார். தீவு தன் வீட்டு முன்னறை என்றும், பூச்சி என்பது மின்விசிறி என்றும், அமைதி தன் மனைவியுடையது என்றும். மச்சினன் சிரித்தான். முதலாளி, "தீவுல ஃபேனாண்ணே?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு சாக்குப் பை எங்கே இருக்கிறது என்று சத்தத்தின் கண்கள் தேட ஆரம்பித்தன.

டாக்டரம்மா மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார். கேட்டு முடித்துவிட்டுத் தன் நாவலை எடுத்து, ஏழாம் அத்தியாயத்தில் ஒரு வரி சேர்த்தார்: 'குடிசைக் கூரையில் ஆடிய காய்ந்த மட்டை ஒன்று, டிக், டிக் என்று மூங்கிலைத் தட்டிக்கொண்டிருந்தது.'

"காத்து ஓய்ஞ்சிருக்குன்னு மேல எழுதியிருக்கீங்களே, மேடம்" என்றான் மச்சினன்.

"பல்லு வலிக்கிறப்போ காத்தைப் பத்தி யாரும் யோசிக்க மாட்டாங்க தம்பி" என்றார் டாக்டரம்மா. அவன் வாயை மூடிக்கொண்டான்.

இந்த ஒலிப்புத்தகத்தைக் கேட்கும் குழந்தைகள் கடைசிவரை பொறுமையாக இருந்தால், வாசிப்பு அம்மாள் பெயர்களைச் சொல்வதைக் கேட்கலாம். கதை இன்னார், வாசிப்பு இன்னார், ஒலி இன்னார், அமைதி இன்னார். அந்தக் கடைசிப் பெயரைத் தாங்கியவர், தைக்கத் துணி கொண்டுவரும் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து ஏழாம் அத்தியாயத்தைப் போட்டுக் காட்டாமல் அனுப்புவதில்லை. அச்சு சரிபார்க்கப்படாத மின்விசிறிக்கு அடியில், மெஷினை மிதித்தபடியே ஒரு விரலை உயர்த்துவார்.

"இதோ, இதோ வருது பாருங்க... இங்கதான்! இப்பக் கேக்குதா? இதுல பேசாம இருக்கிறது நான்தான். நல்லாக் கேளுங்க, இன்னும் இருக்கு, ஒரு நிமிஷம் முழுக்க நான்தான். இவரு அன்னைக்கு என்ன சொன்னாருன்னா..."

அந்தத் தெருவில் எல்லோரும் அந்த நிமிடத்தைக் கேட்டாகிவிட்டது. அதில் இருந்த அமைதியை மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.